போதையை விடாதவருக்கு நலக்குழுவில் இடம் கொடுக்கலாமா? வான்கூவரிலிருந்து ஒரு கேள்வி

கலைமதி (வான்கூவர்) | ஆகஸ்ட் 31, இரவு 9:12

இன்று ஆகஸ்ட் 31. போதைப்பொருளின் அளவு மிகுந்து இறந்தவர்களை உலகெங்கும் நினைவுகூரும் நாள். 2001இல் மெல்போர்னில் தொடங்கிய வழக்கம் இது. நானும் மாலையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மனத்தில் ஒரு கோபம் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு ஒன்று இளைஞர் நலக்குழு ஒன்றை அமைத்திருக்கிறது. ஒரே ஆண்டில் நம் பிள்ளைகள் இருவரைப் பறிகொடுத்த பிறகு எடுத்த முடிவு. செவிலியாக வேலை பார்ப்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவர் இருவர், ஆசிரியர் ஒருவர், கோயில் நிர்வாகி, வழக்கறிஞர் என்று ஒன்பது பேர். முதல் கூட்டத்தில், "வாண்டு அமைப்பிலிருந்து ஒருவரை அழைப்போம்" என்றேன். "போதையை விட்டுவிட்டவர்தானே?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

வாண்டு என்றால் நமக்கு வீட்டுக் குட்டிப்பயல் நினைவுக்கு வருவான். இங்கே அது வான்கூவர் வட்டாரப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். 1998இல் உருவானது. பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு காலத்தில் பயன்படுத்தியவர்களுக்கும் மட்டுமே அதில் வாக்குரிமை. என்னைப் போன்றவர்கள் ஆதரவாளராக இருக்கலாம், கை உயர்த்த முடியாது.

அது ஏன் பிறந்தது என்று தெரிந்தால்தான் என் கோபம் புரியும். 1990களின் நடுவில் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்னும் பகுதியில், ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்களில் ஆண்டுக்கு 100 பேருக்குச் சுமார் 18 பேர் என்ற வேகத்தில் எச்.ஐ.வி. பரவியது. நகரத்தில் ஊசி மாற்றும் நிலையம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதிய ஊசி. இரவில் பூட்டிவிடுவார்கள். இரவில்தான் தேவை அதிகம் என்பதை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை. 1997இல் ஓப்பன்ஹைமர் பூங்காவில் 1,000 சிலுவைகளை நட்டு, இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஊருக்குக் காட்டினார்கள். அதே ஆண்டு நகரச் சுகாதார வாரியம் அவசரநிலையை அறிவித்தது. வாரியத்துக்குள் அதற்காகப் போராடியவர் பட் ஆஸ்போர்ன். கவிஞர், தாமே ஹெராயினில் பல ஆண்டுகளைத் தொலைத்தவர். அவரும் ஆன் லிவிங்ஸ்டன் என்னும் பெண்மணியும் சேர்ந்துதான் தெருவில் இருந்தவர்களைக் கூட்டமாகக் கூட்டினார்கள்.

2001இல் அந்தச் சங்கத்தார் மெயின் தெருவும் ஹேஸ்டிங்ஸ் தெருவும் சந்திக்கும் மூலையில், யாரிடமும் அனுமதி வாங்காமல், இரவில் மேசை போட்டு ஊசி கொடுத்தார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்தபோது, தொற்று அபாயம் மிக அதிகமானவர்களே அந்த மேசைக்கு வந்துகொண்டிருந்தது தெரிந்தது. 2003 ஏப்ரலில் கேரல் தெருவில் ஓர் அறையைத் திறந்து, கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார்கள். அதற்கும் அனுமதி இல்லை. ஏறக்குறைய ஆறு மாதம் அது நடந்தது. அந்தச் செப்டம்பரில்தான் அரசு அனுமதியோடு இன்சைட் திறந்தது, வட அமெரிக்காவின் முதல் கண்காணிப்பு ஊசி நிலையம்.

அடுத்து வந்த மத்திய அரசு இன்சைட்டை மூடப் பார்த்தது. நீதிமன்றம் போனவர்களில் டீன் வில்சன், ஷெல்லி டோமிக் இருவரும் போதைப் பழக்கம் உள்ளவர்கள். அதை மறைக்காமல் வழக்காடினார்கள். வாண்டுவும் வழக்குத் தொடுத்தது. 2011 செப்டம்பர் 30 அன்று கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நிலையத்தை மூடாமல் தொடர்ந்து நடத்தவிடச் சொன்னார்கள். அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, இன்சைட்டைச் சுற்றி 500 மீட்டருக்குள் மிகை அளவு மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. நகரத்தின் மற்ற பகுதிகளில் குறைந்தது 9.3 சதவீதம்.

இதைச் செய்தவர்கள் "முதலில் விட்டுவிட்டு வருகிறோம்" என்று காத்திருந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? எங்கள் குழுவுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? இதே போன்ற குழுக்களில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சிவகாசி செல்வம் | செப்டம்பர் 1, காலை 6:40

அக்கா, எழுதியதை முழுவதும் படித்தேன். உங்கள் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் தம்பி ஏழு வருடம் இந்தப் பழக்கத்தில் இருந்தான். அந்த ஏழு வருடத்தில் அவன் எங்களிடம் சொன்ன பொய்களை எண்ணி முடியாது. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. அந்த நிலையில் இருந்தபோது அவனைக் குழுவில் உட்கார வைத்து ஆலோசனை கேட்டிருந்தால், அவன் தனக்குச் சாதகமானதைத்தான் சொல்லியிருப்பான். இப்போது விட்டுவிட்டான், நான்கு வருடம் ஆகிறது. இப்போது அவனைக் கேளுங்கள், தெளிவாகச் சொல்வான். விட்டவர் சொல்லட்டும், விடாதவர் சிகிச்சைக்குப் போகட்டும். இதில் என்ன தவறு? இன்னும் பயன்படுத்துபவரை மேடையேற்றினால் அதைப் பார்க்கும் பதினைந்து வயதுப் பையன் என்ன நினைப்பான்?

---

வடசென்னை ராஜா | செப்டம்பர் 1, இரவு 10:05

கலைமதி அக்காவுக்கும் செல்வம் அண்ணனுக்கும் வணக்கம். நான் இந்தக் களத்தில் நான்கு வருடமாகப் படிப்பவன், எழுதுவது இதுதான் முதல் முறை. நான் பியர் எஜுகேட்டர், அதாவது பழக்கம் உள்ளவர்களுக்கு அவர்களுக்குள்ளிருந்தே வழிகாட்டுபவன். ஊசி வழிப் போதை பயன்படுத்துபவர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒருவருக்கு 40 பேர் என்பது திட்டக் கணக்கு. என் பட்டியலில் இப்போது 43 பேர்.

நானும் அவர்களில் ஒருவன்தான். பதினெட்டு வயதில் பிரௌன் சுகர் என்னும் மட்டமான ஹெராயினைப் புகைத்தேன். 1990களில் அதன் விலை ஏறியபோது எங்கள் கூட்டம் முழுவதும் மருந்துக்கடையில் கிடைத்த புப்ரெநார்பின் என்னும் வலிமருந்து ஊசிக்கு மாறியது. ஒரு சிரிஞ்சை ஐந்து பேர் பயன்படுத்தினோம். அந்த ஐவரில் இன்று உயிரோடு இருப்பவன் நான் மட்டும். இப்போது அரசு மருத்துவமனையில் தினமும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாற்று மாத்திரை வாங்குகிறேன். அதுவும் புப்ரெநார்பின்தான், ஆனால் ஊசி இல்லை, திருட்டு இல்லை. இடையில் தவறிய நாட்களும் உண்டு. சென்ற தீபாவளி வாரத்தில்கூடத் தவறினேன். ஆகவே அண்ணன் கணக்குப்படி நான் விட்டவனா, விடாதவனா?

பொய்யைப் பற்றிச் சொன்னீர்கள். உண்மைதான், நானும் என் அம்மாவிடம் சொல்லாத பொய் இல்லை. ஆனால் என்னோடு ஊசி போட்டவனிடம் நான் பொய் சொன்னதில்லை. சொன்னாலும் எடுபடாது. காலையில் ஒருவன் கையை மடித்து வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தே சீழ்க்கட்டி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆலோசகர் மேடம் நல்லவர், படித்தவர், ஆனால் அவர் முன்னால் அவன் சட்டைக்கையை ஏற்ற மாட்டான்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் நிலையம் முன்பு காலை பத்து மணிக்குத் திறக்கும். எங்கள் ஆட்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே உடல் முறுக்கி, மூக்கு ஒழுகி எழுந்துவிடுவார்கள். ஏழு மணிக்குள் எங்காவது பணம் புரட்டி, கிடைத்த ஊசியால் போட்டு முடித்திருப்பார்கள். பத்து மணிக்குப் புதிய ஊசியோடு நாங்கள் உட்கார்ந்திருப்போம். வருடக்கணக்கில் இப்படியே நடந்தது. "ஏழு மணிக்கு முன்னால் திறந்தால் என்ன?" என்று நான் கேட்டபோது, "நேரத்தை முடிவு செய்வது உன் வேலை இல்லை" என்றார்கள். புதிய மேலாளர் வந்த பிறகுதான் ஒரு மாதம் முயன்று பார்த்தார்கள். திரும்பி வரும் பழைய ஊசிகளின் எண்ணிக்கை அந்த ஒரே மாதத்தில் பெட்டி நிரம்பும் அளவுக்கு ஏறியது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்புத் தேவைப்படவில்லை. விடியற்காலை முறுக்கல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் இல்லையா?

இன்னொன்று. கால் முழுவதும் புண்ணாகிப் போன ஒருவனை நான் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். "முதலில் பழக்கத்தை நிறுத்திவிட்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் திரும்பவும் போனோம். மூன்றாம் நாளும் போனோம். மூன்றாம் நாள் ஒரு இளம் மருத்துவர் பார்த்தார். கால் தப்பியது. மூன்று நாள் அவனோடு வரிசையில் நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது, அவனைப் போலவே விரட்டப்பட்டவனைத் தவிர?

---

மட்டுறுத்துநர் | செப்டம்பர் 1, இரவு 10:50

இழை மிகவும் பயனுள்ளதாகப் போகிறது. ஒரு வேண்டுகோள் மட்டும்: எங்கே கிடைக்கும், எவ்வளவு எடுப்பது போன்ற விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள். உறவினர் பெயர்களையும் எழுத வேண்டாம். ராஜா, உங்களை வரவேற்கிறோம்.

---

மதுரை மருத்துவர் | செப்டம்பர் 2, பிற்பகல் 3:20

ராஜா, மூன்றாம் நாள் பார்த்த அந்த இளம் மருத்துவரைப் போல நான் என் இளமையில் இருக்கவில்லை. திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதை இங்கே சொல்லாமல் கருத்துச் சொல்வது நேர்மையாகாது.

கலைமதி சொன்ன வரலாற்றுக்கு முன்கதை ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் நகர மையத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் போதை ஊசி போடுபவர்களுக்கு ஊசி விற்பதை நிறுத்தினார். மஞ்சள்காமாலை, அதாவது ஹெபடைட்டிஸ் பி பரவும் என்று பயந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், அங்கிருந்த போதைப்பொருள் பயன்படுத்துவோரின் சங்கத்தார். ஜங்கிபாண்ட் என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டார்கள். ரோட்டர்டாமில் அதற்கு முன்பே அப்படி ஒரு சங்கம் இருந்தது. நகர நிர்வாகம் ஊசிகளை வாங்கித் தந்தது, சங்கத்தார் விநியோகித்தார்கள். ஆண்டு 1984. எச்.ஐ.வி. பற்றி உலகத்துக்கே அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. மஞ்சள்காமாலைக்குப் பயந்து அவர்கள் செய்த காரியம், அதைவிடப் பெரிய நோய்க்கும் அணையாக நின்றது.

நலோக்சோன் மருந்தும் அப்படித்தான். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதையின் மிகையால் மூச்சு நின்றுபோகிறவரைச் சில நிமிடங்களில் மீட்கும் மருந்து. பல காலம் அது அவசரச் சிகிச்சைப் பிரிவின் அலமாரியில் மட்டுமே இருந்தது. 1996 முதல் சிகாகோவில் டான் பிக்கும் அவருடைய நண்பர்களும் அதைப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்களின் கையிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். காரணம் எளியது. மூச்சு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் மருத்துவர் அல்லர், கூட இருக்கும் நண்பர்.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்குள்ள கவலையையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த திட்டங்களில் பியர் எஜுகேட்டர் என்பவர் ஏணியின் கடைசிப் படி. மிகக் குறைந்த மதிப்பூதியம். பதவி உயர்வு இல்லை. தம் நண்பர்களின் சாவுக்கு அடுத்தடுத்துப் போய்வரும் அவருக்கு மனநல உதவி இல்லை. ஒரு நாள் தவறினால் வேலையும் போய்விடும் என்பதால் தவறியதை மறைக்கிறார், மறைத்துத் தனியாகப் போட்டுக்கொள்கிறார், தனியாக இருப்பதால் இறந்துபோகிறார். இப்படி இருவரை நான் அறிவேன். "விட்டவர் மட்டும்" என்னும் விதி அவர்களைக் காப்பாற்றவில்லை செல்வம், அதுதான் கொன்றது. கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். இருபத்தாறு வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

---

மோரே முருகேசன் | செப்டம்பர் 3, காலை 8:15

மணிப்பூரைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களில் சிலர், தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் திரும்பவும் பர்மாவுக்கு நடந்தே போகப் பார்த்து, எல்லையில் மோரேயில் நின்றுவிட்டார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். நான் வளர்ந்தது அங்கேதான். 2023 மே மாதத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வந்துவிட்டோம், அது வேறு துயரம்.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்பர் ஃபோர் ஹெராயின் வரும். மணிப்பூரில் 1989இல் ஊசி போடுபவர்களிடம் எச்.ஐ.வி. காணப்படவே இல்லை என்ற நிலை இருந்தது. 1990இல் சில மாதங்களுக்குள் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தொற்று. உலகம் அதுவரை பார்த்திராத வேகம். பெற்றோர் பிள்ளைகளைத் தாங்களே சிறையில் ஒப்படைத்தார்கள். ஆயுதக் குழுக்கள் தண்டனை என்ற பெயரில் பையன்களின் காலில் சுட்டன. என் பள்ளித்தோழன் ஒருவன் அப்படி நொண்டியானான்.

அந்தச் சூழலில் இம்பாலில் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த சில இளைஞர்கள் சேர்ந்து சாசோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பதுங்கிக் கிடந்தவர்களின் வீட்டுக்கே போனார்கள், ஊசி கொடுத்தார்கள், பிணத்தைத் தொடவும் ஆள் இல்லாதபோது தூக்கிப் போனார்கள். 1996இல் மணிப்பூர் அரசு தனக்கென ஒரு எய்ட்ஸ் கொள்கையை அறிவித்துத் தீங்கு குறைப்பை, அதாவது பழக்கத்தை விடாதவருக்கும் அதன் ஆபத்தைக் குறைக்கும் வழியை, ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். டில்லியில் உட்கார்ந்து எழுதிய கொள்கை அல்ல. கதவைத் தட்டித் தட்டி அந்த இளைஞர்கள் எழுத வைத்த கொள்கை.

செல்வம் அண்ணா, காலில் சுடப்பட்ட என் நண்பனும் விடவில்லை. பயந்து பதுங்கினான். அவ்வளவுதான் நடந்தது.

---

யாழ் வாசுகி | செப்டம்பர் 3, மாலை 5:30

இங்கே வடக்கில் போருக்குப் பிறகு ஹெராயினும் ஐஸ் என்னும் போதைப்பொருளும் பள்ளி மாணவர் வரை வந்துவிட்டன. வீட்டுக்கு வீடு அழுகுரல். பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "எங்காவது கொண்டுபோய் அடையுங்கோ." அடைப்பதற்கு இடமும் இருக்கிறது. கந்தக்காட்டில் இராணுவம் நடத்தும் புனர்வாழ்வு முகாம். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்து வெளியேறினார்கள். தமிழ் மக்களுக்குப் "புனர்வாழ்வு" என்ற சொல்லைக் கேட்டாலே 2009 நினைவுக்கு வரும். அந்தச் சொல்லையே எங்கள் பிள்ளைகளுக்கு மறுபடியும் பயன்படுத்துகிறார்கள்.

கலைமதி அக்கா, எங்கள் ஊரில் வாண்டு போன்ற ஒன்றைத் தொடங்க வழியுண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே சொன்னவனைப் பொலிஸ் முதலில் பிடிக்கும். ஆனால் ராஜா அண்ணா எழுதியதை அச்செடுத்து, எங்கள் பிரதேச செயலகத்தில் நடக்கும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன்.

---

வடசென்னை ராஜா | செப்டம்பர் 3, இரவு 9:40

வாசுகி தங்கச்சி, பிடிப்பது இங்கேயும் உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில், ஹெராயின் பயன்படுத்தினாலே ஒரு வருடம் வரை சிறை. அதே சட்டத்தில் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருபவரை வழக்கிலிருந்து விடுவிக்க இடம் கொடுக்கிறது. ஆனால் தெருவில் பிடிபட்டவனிடம் அந்தப் பிரிவை யார் எடுத்துச் சொல்வார்கள்? ஊசி வைத்திருந்தால் என்னையே சந்தேகித்து நிறுத்துவார்கள். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு வந்த பிறகு எங்களுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. பழைய ஊசியை வாங்கிப் புதிய ஊசி கொடுப்பவரும் குற்றவாளி இல்லை, பெறுபவரும் இல்லை என்று அதில் எடுத்துக்காட்டோடு எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மடிப்பு கிழிந்து இது நான்காவது நகல்.

---

சரஸ்வதி (கோவை) | செப்டம்பர் 4, அதிகாலை 2:10

தூக்கம் வரவில்லை. மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகன் பொறியியல் முடித்தவன். பழக்கம் தெரிந்ததும் நாங்கள் அவனை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் பேசவே விடவில்லை. பணம் கட்டும்போது "நன்றாக இருக்கிறான்" என்பார்கள். வெளியே வந்தவன் மெலிந்திருந்தான், மணிக்கட்டில் கட்டிய தழும்பு இருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. ஆறாம் நாள் நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். பழைய அளவையே எடுத்திருக்கிறான்.

மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி இருக்காது என்பதை, அவன் இறந்து ஒரு வருடம் கழித்து ஒரு பத்திரிகைக் கட்டுரையில்தான் படித்தேன். மையத்தில் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் அவனிடம் சொல்லியிருப்பேன். கோபித்துக்கொண்டிருப்பான். பரவாயில்லை, சொல்லியிருப்பேன்.

ராஜா தம்பி, இது உங்களுக்கெல்லாம் முன்பே தெரியுமா?

---

வடசென்னை ராஜா | செப்டம்பர் 4, காலை 5:25

தெரியும் அம்மா.

சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ ஒருவன் வெளியே வந்தால் நாங்கள் முதலில் சொல்வது அதுதான். "பழைய ஆள் இல்லை நீ, உடம்பு புதுசு. தனியாக இருக்காதே." வாசலிலேயே நின்று சொல்வோம். உங்கள் மகனுக்குச் சொல்ல ஒருவர் இல்லாமல் போனாரே என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது. மன்னித்துவிடுங்கள் அம்மா.

---

சிவகாசி செல்வம் | செப்டம்பர் 4, இரவு 8:30

அம்மா எழுதியதை என் தம்பியிடம் காட்டினேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னான். "விட்ட முதல் வருடம் எனக்கு இருந்த பெரிய பயமே அதுதான், உன்னிடம் எப்படிச் சொல்வது?" என்றான். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. நானும் அவனிடம் கேட்டதில்லை.

பதினைந்து வயதுப் பையன் என்ன நினைப்பான் என்ற என் கேள்வி இன்னும் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் விடாதவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுதியது தவறு.

---

கலைமதி (வான்கூவர்) | செப்டம்பர் 15, இரவு 11:00

தாமதத்துக்கு மன்னியுங்கள். நேற்றுத்தான் குழுவின் இரண்டாம் கூட்டம் நடந்தது. உங்கள் பதிவுகளை, சரஸ்வதி அம்மாவிடம் தனிமடலில் அனுமதி பெற்று, வாசித்துக் காட்டினேன். வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் அழைக்கலாம் என்று முடிவானது. வாண்டுவிலிருந்து வந்தவர் பக்கத்து அறையில் காத்திருந்தார், உடனே அழைத்தோம். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். எங்கள் மாகாணத்தில் 2016 ஏப்ரலில் அறிவித்த அவசரநிலை இன்னும் முடியவில்லை, 16,000க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபென்டனில் என்னும் கடும் போதைமருந்தால் சாவுகள் பெருகியபோது சந்துக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் போட்டு உயிர் காத்தவர்களில் இவரும் ஒருவர். டிசம்பரில்தான் அமைச்சர் ஆணை வந்து அதெல்லாம் சட்டப்படி ஆனது.

நம்மவர்கள் அவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். "கதை கேட்கவா கூப்பிட்டீர்கள், வேலைக்கா?" என்றார். பிறகு மூன்று விஷயங்களைக் கேட்டார். கூட்டத்தைக் காலையில் வைக்காமல் பிற்பகலில் வைக்க முடியுமா? வழக்கறிஞருக்கு மணிக்கணக்கில் கொடுக்கும் தொகையைத் தனக்கும் கொடுப்பீர்களா? தன்னோடு இன்னொருவரையும் சேர்ப்பீர்களா? "தனியாக வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேர் வந்தால்தான் நான் பேச முடியும்."

செல்வத்தின் கேள்வியையும் அவரிடம் வைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பையன் என்னைப் பார்த்து ஆசைப்பட மாட்டான், என் பல்லைப் பாருங்கள். அவன் நண்பன் ஒருவன் சுருண்டு விழுந்தால் யாரைக் கூப்பிடலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

போகும்போது, "கட்டடத்தில் நலோக்சோன் பெட்டி இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினோம். செயலாளர் அறை, பூட்டிய அலமாரி. "சனிக்கிழமை இரவு திருமண வரவேற்பு நடக்கும்போது சாவி யாரிடம் இருக்கும்?" என்றார். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை.

இன்று காலை பெட்டியைக் கூடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். எதிர்த்து வாக்களித்த கோயில் நிர்வாகிதான் ஆணி அடித்தார். மூன்று கோரிக்கைகளும் அடுத்த கூட்டத்துக்குப் போகின்றன. பணம் கொடுப்பதில்தான் பெரிய சண்டை வரும் என்று தெரிகிறது.

---

சரஸ்வதி (கோவை) | செப்டம்பர் 16, காலை 7:05

ராஜா தம்பி, அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறேன். மையங்களிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் நான் பேசலாமா? உங்கள் நிலையத்தில் அதற்கு அனுமதிப்பார்களா?

---

வடசென்னை ராஜா | செப்டம்பர் 16, காலை 7:20

வாருங்கள் அம்மா. மேலாளரிடம் இன்றே கேட்டுவிடுகிறேன். அம்மாக்கள் சாயங்காலம்தான் வருவார்கள். ஆனால் நீங்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், ஏழு மணிக்கு முன்னால். முதலில் எங்கள் பையன்களைப் பாருங்கள்.